பரிசல்துறைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

கிருஷ்ணகிரியைத் தாண்டி, தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய பரிசல்துறைக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். குடும்பத்தோடு சாப்பிடவும் போட்டோ எடுத்துக்கொள்ளவும் எல்லோரும் போய்வந்த இடம் அது. நான் போனது காணாமல்போன என் கணவரைத் தேடி. கூட என் மாமியார் வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணம் முடிந்த மாதமே ஓசூர் வந்து, மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அவர் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டினார். மூன்றாவது வருஷம் ஒரு நாள், முதல் ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, பிரஸ் அவர் வலது கையின் நடு மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். காயம் ஆறிய பிறகு கொஞ்ச நாள் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். அப்புறம் அதுவும் இல்லை என்றாகிவிட்டது. நான் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் யூனிட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை, குடிக்கவில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலை வழக்கம்போலக் குளித்து, சட்டை மாட்டி, ஷிப்டுக்குப் போகும்போது எடுத்துப்போகிற ரெக்ஸின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வேலையில்லாத மனுசன் ஷிப்டு பையோடு எங்கே போகிறார் என்று கேட்க நினைத்தேன். எனக்கும் யூனிட்டுக்கு நேரமாகிவிட்டது. கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

நாலு மாதம் தேடினேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவரோடு வேலைபார்த்தவர்கள் வீடுகளுக்கெல்லாம் போனேன். ஒரு தடவை ரயில் பாதையோரம் கிடந்த ஒரு ஆளை அடையாளம் பார்க்கக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு பாயும் அவர் மனைவியும் எனக்குத் துணைக்கு வந்தார்கள். பாய் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர். பிணவறையில் முகத்துத் துணியை எடுக்கப் போனார்கள். வேண்டாம், வலது கையை மட்டும் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். ஐந்து விரலும் இருந்தன. அந்தக் கையைப் பார்த்துக் கும்பிட்டேன். யாரோ ஒருத்தி வீட்டு மனுசன் செத்துக் கிடக்கிறான், நான் கும்பிடுகிறேன். பாய் வீட்டு அக்காதான் என்னைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

இரண்டாவது மாதமே மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டார். வந்த அன்றே வாசலில் பையை வைத்தபடி கேட்டார்: "அவன என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

"ஒண்ணும் சொல்லாமலா ஒருத்தன் வீட்ட விட்டுப் போவான்?"

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் பேச்சில்லாமல் இருந்தோம். நான் வேலைக்குப் போவேன். அத்தை சமைப்பார். சாயங்காலம் நான் வந்ததும் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். தகவல் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொள்வார். சில நாள் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவேன். அவர் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை பாய் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் கதவருகே நின்றுகொண்டு சொன்னார்.

"தங்கச்சி, போன வாரம் நாங்க எல்லாரும் பரிசல்துறைக்குப் போயிருந்தோம். அங்க பெரிய ஓட்டல் ஒண்ணு இருக்கு. கை கழுவப் போனப்ப பின்னாடி முற்றத்துல ஒரு ஆள் அண்டா தேய்ச்சுக்கிட்டு இருந்தார். வலது கைல விரல் இல்ல. உசரமும் தம்பி உசரம்தான். கூப்பிட்டேன். திரும்பாம உள்ள போயிட்டார். முகம் பாக்கல. பாக்காம சொல்லக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். வீட்ல திட்டறாங்க, போய்ச் சொல்லுங்கன்னு."

அத்தை அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். "கூப்பிட்டும் திரும்பலையா?"

"திரும்பலம்மா."

"அப்ப அவன்தான்," என்றார் அத்தை.

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். நான் எங்கள் கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டேன். அவருடைய போட்டோ என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். கிருஷ்ணகிரி வரைக்கும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ரோட்டில் நடந்துபோகிற ஒவ்வொரு ஆம்பளையையும் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே டவுன் பஸ் மாறினோம். பஸ் முழுக்கப் புதுத்துணி போட்ட குடும்பங்கள். எங்களையும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

துறை வாசலில் ஒரு போர்டு வைத்து அதன் பழைய கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தார்கள். பாலம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில்தான் சரக்கெல்லாம் ஆற்றைக் கடந்ததாம். புளியும் கடலையும் உப்பும் மாட்டுவண்டியில் வந்து, கரையில் கருங்கல் கிடங்குகளில் இறங்கி, பரிசலில் அக்கரை போகுமாம். பாலம் வந்ததும் கிடங்குகள் பூட்டிக் கிடந்திருக்கின்றன. சேலம் ரோட்டில் கார்கள் பெருகிய பிறகு யாரோ வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, ஒவ்வொரு கிடங்கையும் கடையாக்கிவிட்டார்கள். மாம்பழ ஜூஸ் கடை, ஐஸ்கிரீம் கடை, பிரம்பு நாற்காலிக் கடை, நைட்டிக் கடை, வளையல் கடை. வரிசையின் கடைசியில் இருந்த பெரிய கிடங்குதான் ஓட்டல். அதன் உத்தரத்தில் நிஜப் பரிசல்களைக் கவிழ்த்துக் கட்டி, உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் எங்கோ நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டலுக்கு நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்குப் பயம். அத்தைக்கும் பயம்தான் என்று நினைக்கிறேன், அவரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு கடையாக ஏறிப் போட்டோவைக் காட்டிக் கேட்டோம். எல்லோரும் படத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிற எங்களைப் பார்த்துவிட்டு, "கல்யாண போட்டோவா?" என்றார்கள். போட்டோவில் அவர் கை கூப்பியிருப்பார். பத்து விரலும் தெரியும். "இப்ப கைல விரல் இருக்காது" என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. வளையல் கடைக்கார அம்மா மட்டும் போட்டோவை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "விரல் இல்லாத ஆள் ஒருத்தர் ஓட்டல்ல இருக்கார். முகம் எனக்குச் சரியாத் தெரியாது. வெளிய வரவே மாட்டார்" என்றார்.

ஓட்டலில் விசாரிக்கப் போன எங்களை உட்காரச் சொல்லி மெனு கார்டைக் கொடுத்துவிட்டார்கள். அத்தைக்கு அப்படிப்பட்ட நாற்காலி பழக்கமில்லை. நுனியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெங்களூர்க் குடும்பங்கள். ஒரு மேஜையில் பிறந்தநாள் போல, கேக் வெட்டிக் கைதட்டினார்கள். காபி கொண்டுவந்த பையனிடம் சொல்லி மேனேஜரைக் கூப்பிட்டோம். அவர் பேச்சில் கன்னடம் கலந்திருந்தது.

"நோடம்மா, பாருங்க, கிச்சன் உள்ள யாரையும் விட ஆகாது. பிஸி டைம். கை அப்படி ஒருத்தர் இருக்கார், உண்மை. மூணு மாசம், நாலு மாசம் ஆச்சு வந்து. நல்ல மனுசன், வம்பு தும்பு இல்ல. மூணு மணிக்கு மேல விடறேன். ஆத்துப் பக்கம் படிக்கட்டு இருக்கு, அங்க இருங்க. அனுப்பறேன்."

"எந்த ஊர்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"எதுவும் சொல்ல மாட்டார்மா. கேட்டா எழுந்து போயிடுவார்."

அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நாலு மாதம், பேச்சில்லாமை, கேட்டால் எழுந்து போவது, எல்லாம் அவர்தான். நான் காபியைத் தொடவில்லை. அத்தை முழுக் காபியையும் சூடாகவே குடித்தார்.

ஆற்றுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். பரிசல் கட்டுகிற இரும்பு வளையங்கள் கல்லில் இன்னும் இருந்தன. மணி ஒன்று கூட ஆகவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அத்தை என்னோடு பேசினார். முதலில் மகனை எப்படிக் கூட்டிப் போவது என்பதைப் பற்றிப் பேசினார். திட்டக்கூடாது, அழக்கூடாது, ஒன்றும் நடக்காத மாதிரி பஸ்ஸேற்றிவிட வேண்டும் என்றார். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அவனுக்கு ரசம் வச்சாப் போதும்" என்றார்.  எனக்கு அதற்குமேல் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லிட்டேன் அவரை," என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"சாப்பிடும்போது சோறு சிந்திக்கிட்டே இருக்கும். ரெண்டு விரல்ல பிசைய முடியாது. ஒரு நாள் யூனிட்லேர்ந்து வந்து ரொம்ப அலுப்பு. இடது கையால சாப்பிடுங்களேன், யாரு பாக்கப் போறா, மூணு வேளையும் நான் தரையை வழிச்சுக்கிட்டே இருக்கணுமான்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்து இடது கையாலதான் சாப்பிட்டார். பத்து நாள். பதினோராம் நாள் போயிட்டார்."

சொல்லிவிட்டு, அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அத்தை முந்தானையால் முகத்தை இரண்டு தடவை துடைத்தார்.

"நான் லெட்டர் போட்டேன்," என்றார்.

"என்ன லெட்டர்?"

"ஒன் நாத்தனாளுக்குப் பரிசம் போட நாள் குறிச்சோம்லா. அதுக்கு நீ வராதய்யா, மாப்ள வீட்டுக்காரவுக கையப் பாத்தா ஒரு மாதிரி நெனப்பாக, கல்யாணத்துக்கு வந்தாப் போதும்னு எழுதச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளதான் எழுதிக் குடுத்துச்சு. ஒன்கிட்ட காட்டலையா?"

அப்படி ஒரு லெட்டர் வந்ததே எனக்குத் தெரியாது. எப்போது போட்டார் என்று கேட்டேன். அத்தை விரல்விட்டு எண்ணினார். நான் அந்த வார்த்தையைச் சொன்ன வாரமும் அந்த லெட்டர் வந்திருக்க வேண்டிய வாரமும் ஒன்றாகத்தான் இருந்தன.

"நான் பெத்தவ," என்றார் அத்தை. "நீ வெளிலேருந்து வந்தவ. நீ சொன்னா அவன் பொறுத்திருப்பான்."

அதில் சமாதானம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரைத் துரத்தியிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனாலும் அத்தை நகர்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மூன்று மணி எப்போது ஆகும் என்று மேலே ஓட்டலின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து ஒரு ஆள் படிக்கட்டில் இறங்கி வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் ஈரத்துண்டு. வெயில் எங்கள் கண்ணுக்கு நேராக இருந்தது. உயரம் என் கணவர் உயரம்தான். அத்தை எழுந்து பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு படி ஏறிவிட்டார். நான்தான் முதலில் பார்த்தேன். நடை வேறு. பக்கத்தில் வந்தபோது முகமும் வேறு. நாற்பது வயதிருக்கும். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

"யாரும்மா நீங்க?" என்றார். "ஊர்லேர்ந்து அனுப்பினாங்களா? என் சம்சாரம் அனுப்பிச்சா?"

 இல்லை என்று தலையாட்டினேன். பிணவறையில் கையைப் பார்த்தே அவர் இல்லை என்று தெரிந்துகொண்டவள் நான். கை ஒன்றே போதும், அவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஓசூரில் எத்தனை பிரஸ் ஓடுகிறது, அதில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த ஆளின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று குனிந்தேன். அவர் அழவில்லை. அந்த ஆளின் லுங்கியைப் பிடித்து இழுத்து, திட்ட ஆரம்பித்தார்.

"ஏன்யா இங்கன வந்து ஒளிஞ்சு கெடக்க? ஒன்னப் பெத்தவ எங்கிட்டு எங்கிட்டுப் போயித் தேடுதாளோ. பொணத்தையெல்லாம் தூக்கித் தூக்கிப் பாக்காளோ. வெரல் போனா என்னய்யா, மனுசன் போயிருவானா? ஒரு காயிதம் போட ஒனக்கு என்ன?"

அவர் துணியை விடுவித்துக்கொள்ளவில்லை. திட்டு முழுவதையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். மேலே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தைக்கு மூச்சு வாங்கியபோது அவரும் படியில் உட்கார்ந்தார்.

"அம்மா செத்துட்டாங்கம்மா," என்றார் மெதுவாக. "சம்சாரம் வந்தவாசிப் பக்கம் இருக்கா. ரெண்டு பொண்ணு. இந்தக் கையோட போய் அவங்க சோறு போட்டு நான் துன்னணுமான்னு வந்துட்டேன்."

நான் போட்டோவைக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். திருப்பிக் கொடுக்கும்போது, அத்தையை ஒரு தடவை பார்த்தார்.

"அம்மா எந்த ஊரு? எங்கிட்டுன்னு பேசறாங்களே."

"கோவில்பட்டிப் பக்கம்," என்றேன்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி ராயக்கோட்டை தக்காளி மண்டில பதினஞ்சு நாள் இருந்தேன். அங்க ஒருத்தர் இருந்தார். அங்கிட்டு, எங்கிட்டுன்னுதான் பேசுவார். மண்டில எல்லாம் கன்னடம், தெலுங்கு பேசறவங்க, அவர் பேசினாலே சிரிப்பாங்க. அதனால பேசறதையே விட்டுட்டார். கைல எப்பவும் துண்டு சுத்தியிருப்பார். என்னன்னு நான் கேக்கல. என் கையப் பத்தி அவரும் கேக்கல. தாடி வச்சிருந்தார், இந்தப் படத்துல தாடி இல்ல. அவரா என்னன்னு சொல்லத் தெரியலம்மா."

அத்தை எழுந்துவிட்டார். "ராயக்கோட்டைக்கு எங்கன பஸ்ஸு?"

கிளம்பும்போது நான் அவரிடம் வந்தவாசி முகவரியைக் கேட்டேன், நான் ஒரு கார்டு எழுதிப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கை காட்டினார். கொஞ்சம் தள்ளிப் போய் நான் திரும்பிப் பார்த்தபோது அதே படியில் உட்கார்ந்திருந்தார். சில மாதம் கழித்து பாய் வீட்டார் மறுபடி அங்கே போனபோது அவர் அங்கே இல்லையாம். எங்கே போனார் என்று மேனேஜருக்கும் தெரியவில்லை. முகவரியைக் கட்டாயப்படுத்தி வாங்கியிருக்க வேண்டும். அன்று எனக்கு என் கவலைதான் பெரிதாக இருந்தது.

ராயக்கோட்டை பஸ்ஸில் நானும் அத்தையும் நின்றுகொண்டுதான் போனோம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. நாலு மாதமும் அவர் அங்கேயே இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இல்லாமல் போனால் அடுத்து எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தேன். அத்தை என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே மண்டிக்குப் போய்விட்டோம். தக்காளி வாசனையும் அழுகல் வாசனையும் சேர்ந்து வந்தது. ஷெட்டின் கடைசியில் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாடியோடு ஒருவர் இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வேகம் அந்த இடது கை. முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிடப் பயமாக இருந்தது, பாய் கூப்பிட்டதும் அந்த ஆள் உள்ளே போய்விட்ட மாதிரி இவரும் எழுந்து ஓடிவிட்டால்? நான் போய் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"நீ எப்படி வந்த?" என்றார்.

"பஸ்ல," என்றேன். 

அத்தை வந்து நின்றார். திட்டக்கூடாது, அழக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், இரண்டையும் சேர்த்துச் செய்தார். மண்டி ஆட்கள் சுற்றி வந்துவிட்டார்கள். அவருக்கு அவமானம் தாங்கவில்லை. "போங்க, நீங்க போங்க. நான் வாரேன். அடுத்த வாரம் வாரேன்," என்றார். கெஞ்சினோம். கடைசிவரை எழுந்திருக்கவில்லை. கையையும் முன்னால் கொண்டுவரவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தெலுங்கு கலந்த தமிழில், "இப்ப இழுக்காதீங்க. இழுத்தா வேற ஊருக்குப் போயிடுவான். இங்கேயே இருக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்" என்றார். அது சரி என்று பட்டது. அவரை அங்கேயே விட்டுவிட்டு, கண்டுபிடித்த மனுசனை மறுபடியும் தொலைக்கிற மாதிரி, ஓசூர் வண்டி ஏறினோம்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் ரயிலேறிப் போனேன். அவர் எதிரில் உட்கார்ந்து நானும் தக்காளி பிரித்தேன். சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போகும்போதெல்லாம் நினைப்பேன். ஆனால் பிஞ்சு, காய், பழம், வெடிப்பு என்று பிரிப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டோம். நாலாவது ஞாயிறு நான் கட்டிக்கொண்டு போன சோற்றை என் எதிரிலேயே இடது கையால் சாப்பிட்டார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், நான் யூனிட்டிலிருந்து வந்தபோது அவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். தாடியை எடுத்திருந்தார். அத்தை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.  நான் செருப்பைக் கழற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அங்கே வரிசையில் நின்றபோதுதான் செருப்பில்லாமல் வந்திருப்பது தெரிந்தது. முன்னால் நின்ற பாய் வீட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, என் குடத்தை வாங்கி முதலில் பிடித்துக் கொடுத்தார்.